தன்னார்வப் பணி தொழில் உறவாக மாறுவது எப்படி?

ஒரு ரத்ததான முகாமின் பதிவு மேசையில் அடுத்தடுத்த நாற்காலிகளில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை முன்பின் அறிமுகம் இல்லாதவர்கள். ஒருவர் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவர். இன்னொருவர் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்கூடம் நடத்துபவர். பதினோரு மணிக்கெல்லாம், வருகிறவர்களின் விவரம் எழுதும் தாள்கள் தீர்ந்துவிட்டன. வரிசையோ வாசல்வரை நின்றது. ஒருங்கிணைப்பாளர் போனை எடுத்து யார் யாரையோ அழைத்துக்கொண்டிருந்தார். கணக்கர் ஒன்றும் பேசாமல் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். பெயர், வயது, ரத்த வகை, கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி என்று தலைப்புகளை எழுதினார். வரிசை நகர ஆரம்பித்தது.

அன்று இரவே அந்த நோட்டில் இருந்ததையெல்லாம் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டார். கூடவே ஒரு வரி: “மூன்று பேருக்கு ரத்த வகை விடுபட்டிருக்கிறது, அந்த இடங்களைச் சிவப்பில் காட்டியிருக்கிறேன்.”

அன்றைக்கு இருவரும் தங்கள் தொழிலைப் பற்றிப் பேசியது மொத்தம் இரண்டு நிமிடம்கூட இருக்காது. ஏழெட்டு மாதம் கழித்து, தொழிற்கூடக்காரருக்குக் கணக்குப் பார்க்க நம்பகமான ஆள் தேவைப்பட்டது. அவர் எங்கும் போய்த் தேடவில்லை. அந்தச் சிவப்புக் குறிகள் அவருக்கு ஞாபகம் இருந்தன.

இந்தக் கட்டுரை விளக்க நினைப்பது இதைத்தான். கூலி வாங்காமல் ஒரு பொதுக் காரியத்துக்கு நேரத்தையோ திறமையையோ கொடுக்கிறோம். அங்கே கூட நின்று வேலை செய்தவர்கள் நாளடைவில் வாடிக்கையாளராக, கூட்டாளியாக, சரக்கு தருபவராக, வேலைக்கு ஆள் சொல்பவராக, இன்னொருவரிடம் நம்மை அறிமுகப்படுத்துபவராக மாறுகிறார்கள். புதிதாகத் தொழில் தொடங்கியவர்களுக்கும், புது ஊரில் யாரையும் தெரியாமல் இருப்பவர்களுக்கும் இது நல்ல வழி. ஆனால் இதைச் செலவில்லாத விளம்பரம் என்று நினைத்துக்கொண்டு இறங்கியவர்களில் நிலைத்தவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

முதலில் அந்தச் சங்கடமான கேள்வியைப் பேசிவிடுவோம். தொழிலுக்கு உதவும் என்று எண்ணிச் சேவைக்குப் போவது சுயநலம் இல்லையா? இரண்டு எண்ணமும் ஒரே மனதில் இருக்கலாம், அதில் தப்பில்லை என்பது என் கருத்து. எது முன்னால் நடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. இந்த வேலையால் எனக்கு ஒரு ஆர்டர்கூட வரப்போவதில்லை என்று இன்றே உறுதியாகத் தெரிந்துவிட்டால், அடுத்த வாரமும் போவேனா? போவேன் என்று மனசு சொன்னால் தாராளமாகப் போகலாம். இல்லை என்றால் வேறு காரியம் தேடுவது நல்லது. அங்கே இருக்கிறவர்கள் நம்மைவிட வேகமாக அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இது ஏன் பலன் தருகிறது?

தொழில் சந்திப்புக் கூட்டங்களில் எல்லோரும் தங்களைப் பற்றிச் சொல்கிறார்கள். நேரம் தவறமாட்டேன், தரத்தில் குறை வைக்கமாட்டேன், வாடிக்கையாளர்தான் எனக்கு முக்கியம். கேட்கிறவருக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை. பொதுவேலையில் நாம் எதையும் சொல்ல வேண்டியதில்லை. எட்டு மணி என்றால் எட்டு மணிக்கு வருகிறோமா, வெயிலில் நிற்கும் வேலையை யார் தலையிலாவது கட்டிவிடுகிறோமா, தவறு நடந்தால் யாரைக் கைகாட்டுகிறோம், நாற்காலிகளை அடுக்கும்போது இருக்கிறோமா, அதற்குமுன் நழுவிவிடுகிறோமா என்று எல்லாமே கண்ணெதிரே நடக்கிறது. இதை வேறெங்கும் காட்ட முடியாது. ஒரு வாடிக்கையாளர் நம் வேலைப் பழக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் முதலில் பணம் கொடுத்து ஆர்டர் தர வேண்டும். இங்கே அந்த ஆபத்து இல்லாமலே பார்த்துவிடுகிறார்.

அடுத்தது, திரும்பத் திரும்பச் சந்திப்பது. 1968-ல் ராபர்ட் சயன்ஸ் என்ற உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். அடிக்கடி கண்ணில் படும் ஒன்றின் மீது, வேறு காரணம் எதுவும் இல்லாமலே, விருப்பம் கூடுகிறது என்று அதில் காட்டினார். சொற்களிலும் முகங்களிலும்கூட அது தெரிந்தது. ஒரே ஒரு நாள் நடக்கும் பெரிய நிகழ்ச்சியில் நூறு பேரைப் பார்ப்பதைவிட, மாதம் இரண்டு முறை அதே பத்துப் பேரோடு வேலை செய்வது ஏன் அதிகப் பலன் தருகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் அண்மையில் வேலை மாறியவர்களில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் அவர் கேட்டது எளிய கேள்வி: தகவல் சொன்ன அந்த ஆளை அப்போது எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? அடிக்கடி பார்த்தவர் என்று சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர் என்றவர்கள் 55.6 சதவீதம். அரிதாகப் பார்ப்பவர் என்றவர்கள் 27.8 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஐம்பத்துச் சொச்சம் பேர். ஆனால் 2022-ல் லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிக்கும் மேற்பட்ட பயனாளர்களை வைத்துச் செய்த சோதனைகளின் முடிவு வெளிவந்தபோதும், மிக நெருங்கியவர்களைவிட ஓரளவு தூரத்து அறிமுகங்களே வேலை மாறுவதற்கு அதிகம் உதவுவதாகத் தெரிந்தது.

காரணம் யோசித்தால் புரியும். நம் நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரியும். ஒரே வட்டம், ஒரே பேச்சு. புதுத் தகவல் வர வேண்டுமானால் வேறு வட்டத்தில் ஒரு கால் வைத்திருக்கும் ஆள் வேண்டும். நம் துறைக்காரர்கள் மட்டும் கூடும் சங்கத்தில் அந்த ஆள் கிடைப்பது கஷ்டம். ஏரி தூர்வாரும் குழுவில் கிடைப்பார். மருத்துவரும், லாரி வைத்திருப்பவரும், ஓய்வுபெற்ற பொறியாளரும், கல்லூரி மாணவியும் ஒரே கயிற்றைப் பிடித்து இழுக்கிற இடம் வேறு எங்கே இருக்கிறது?

இவற்றோடு இன்னொன்றும் சேர்கிறது. நாம் உதவியது ஒருவருக்கு, நமக்குக் கைம்மாறு வருவதோ வேறொருவரிடமிருந்து. உதவி பெற்றவரோ பார்த்தவரோ சொல்லும் வார்த்தை நமக்கு முன்னால் போய் நிற்கிறது. 1998-ல் மார்ட்டின் நோவாக்கும் கார்ல் சிக்மண்டும் இதைக் கணித மாதிரி மூலம் ஆராய்ந்தார்கள். யாருக்கு உதவினோம் என்பது மற்றவர்களுக்குத் தெரியவரும் இடத்தில், திருப்பிக் கொடுக்கவே வாய்ப்பில்லாதவர்களுக்கு உதவும் பழக்கமும் நிலைத்து நிற்க முடியும் என்பது அவர்கள் கண்டது. ஒரு பகுதியின் பொதுவேலை வட்டம் அப்படிப்பட்ட இடம்தான். அங்கே யார் என்ன செய்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். நல்லதும் தெரியும், கெட்டதும் தெரியும்.

பழைய கதைதான் இது

பெஞ்சமின் பிராங்க்ளின் பிலடெல்பியாவில் அச்சுத் தொழில் செய்தவர். 1727-ல் ‘ஜுன்டோ’ என்ற சிறு குழுவைத் தொடங்கினார். தொழில் செய்யும் சில இளைஞர்கள் வாரம் ஒரு மாலை கூடி, தங்களை வளர்த்துக்கொள்வது பற்றியும் ஊருக்குச் செய்ய வேண்டியது பற்றியும் பேசினார்கள். அந்த வட்டத்தின் முயற்சியில்தான் 1731-ல் சந்தா நூலகம் வந்தது. 1736-ல் தன்னார்வத் தீயணைப்புக் குழு ஒன்றையும் பிராங்க்ளின் தொடங்கினார். அவர் புதிதாகச் சொந்த அச்சகம் வைத்தபோது, ஜுன்டோ நண்பர்கள்தான் வேலை பிடித்துக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் மூலம் ஒரு பெரிய புத்தகத்தின் 40 தாள் அச்சு வேலை கிடைத்ததைப் பிராங்க்ளினே எழுதிவைத்திருக்கிறார்.

நூலகத்துக்குச் சந்தா சேர்க்கப் போனபோது அவர் கற்றுக்கொண்ட பாடம் இன்னும் முக்கியமானது. ‘இது என் திட்டம்’ என்ற தோரணை இருந்தபோது மக்கள் தயங்கினார்கள். இவன் பெயர் வாங்க நாம் ஏன் உதவ வேண்டும் என்ற நினைப்பு. அதைப் புரிந்துகொண்டு அவர் தன்னைப் பின்னால் நிறுத்திக்கொண்டார். ‘நண்பர்கள் சிலரின் யோசனை இது, என்னைப் போய்ப் பேசச் சொன்னார்கள்’ என்று சொல்லத் தொடங்கினார். காரியம் சுலபமாக நடந்தது, பெருமையும் தாமதமாக அவரிடமே வந்து சேர்ந்தது. தன்னார்வப் பணிக்குப் போகிறவர்கள் மனதில் வைக்க வேண்டிய தந்திரம் என்று ஒன்று இருந்தால், அது இதுதான்.

சிகாகோவில் 1905 பிப்ரவரி 23 அன்று பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் தொழில் செய்யும் மூன்று பேரோடு கூடித் தொடங்கியதுதான் ரோட்டரி சங்கம். ஒவ்வொருவர் அலுவலகமாகச் சுழற்சி முறையில் கூடியதால் அந்தப் பெயர். ஆரம்பத்தில் அவர்களின் நோக்கம் நட்பும், ஒருவருக்கொருவர் வியாபாரம் கொடுத்துக்கொள்வதும்தான். அடுத்த ஆண்டு டொனால்ட் கார்ட்டர் என்பவரைச் சேரச் சொன்னபோது, தங்களுக்குள் மட்டும் பலன் பார்க்கும் சங்கத்துக்கு எதிர்காலம் இல்லை என்று மறுத்தார். அந்த மறுப்புதான் சங்கத்தைப் பொதுச்சேவையின் பக்கம் திருப்பியது. 1907-ல், நகரத்தில் பொதுக் கழிப்பறை வேண்டும் என்ற முயற்சியில் இறங்கினார்கள். அதுவே அவர்களின் முதல் பொதுப்பணி.

1917-ல் உருவான லயன்ஸ் சங்கத்தின் கதையும் கிட்டத்தட்ட இதே வழிதான். மெல்வின் ஜோன்ஸ் காப்பீட்டு முகவர். தான் இருந்த வியாபாரிகள் வட்டம் தங்கள் லாபத்தை மட்டும் பேசிக்கொண்டிருப்பது அவருக்குப் போதவில்லை. புதுச் சங்கத்தின் தொடக்க விதிகளிலேயே, உறுப்பினர்களின் பொருளாதார முன்னேற்றத்தை எந்தக் கிளையும் தன் நோக்கமாகக் கொள்ளக் கூடாது என்று எழுதிவைத்தார்கள். வியாபாரிகள் கூடி எழுதிய விதி அது! நூறாண்டு தாண்டியும் தொழில் செய்கிறவர்கள் அங்கே போகிறார்கள், தொழில் உறவுகளும் அங்கே உருவாகின்றன.

எங்கே தொடங்குவது?

உங்களுக்கு உண்மையாகவே மனசு போகும் காரியத்தைத் தேர்ந்தெடுங்கள். பணக்காரர்கள் எங்கே கூடுகிறார்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். மரம் நடுவதோ, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதோ, தெருநாய்களுக்குத் தடுப்பூசி போட ஏற்பாடு செய்வதோ, எதுவானாலும் சரி. ஆறு மாதம் சலிக்காமல் போக முடியுமா என்பதுதான் அளவுகோல். சேர்வதற்கு முன் ஒரு நாள் போய் வேலை செய்து பாருங்கள். கூட்டம் எப்படி நடக்கிறது, பணக் கணக்கு வெளிப்படையாக இருக்கிறதா, புது ஆளை யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா என்பது அந்த ஒரு நாளிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம், என்ன வேலை எடுக்கிறோம் என்பதும் முக்கியம். தனியாக மூலையில் உட்கார்ந்து உறைகளில் முகவரி ஒட்டுவதும் சேவைதான். ஆனால் அதில் யாரோடும் பழக்கம் வளராது. பதிவு மேசை, பொருட்களை ஏற்றி இறக்கும் குழு, ஆட்களுக்கு நேரம் ஒதுக்கும் பொறுப்பு, நன்கொடை தருபவர்களுக்கு நன்றி சொல்லும் வேலை, இவற்றில் நாலு பேரோடு பேசித்தான் ஆக வேண்டும். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது இன்னும் வசதி. தெரியாதவரிடம் போய் என்ன பேசுவது என்று தவிக்க வேண்டியதில்லை. கையில் வேலை இருக்கிறது, பேச்சு அதிலிருந்தே வந்துவிடும்.

சில மாதம் போனதும் நிர்வாகப் பொறுப்பு கேட்டு வருவார்கள். பொருளாளர், செயலாளர், ஒரு நிகழ்ச்சியின் ஒருங்கிணைப்பாளர். அந்த இடத்தில்தான் உறவு ஆழமாகும். ஆனால் அவசரப்பட்டு வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

உங்கள் தொழில் திறமையையே கொடுப்பது இன்னொரு வழி. வழக்கறிஞர்கள் கட்டணம் வாங்காமல் வழக்கு எடுப்பது நெடுங்காலப் பழக்கம். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதிகளில், ஆண்டுக்கு 50 மணி நேரமாவது அப்படிச் செய்ய முயல வேண்டும் என்று இருக்கிறது. கணக்கர், வடிவமைப்பாளர், மொழிபெயர்ப்பாளர், மின்பணியாளர், எல்லோரிடமும் அப்படிக் கொடுக்க ஏதாவது உண்டு. இங்கே ஒரு எச்சரிக்கையைச் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

பல வருடம் முன்னால், குழந்தைகளுக்கான ஒரு வாசிப்புக் குழுவின் இணையதளத்தை முழுவதும் மாற்றித் தருவதாக நான் ஒப்புக்கொண்டேன். காசு வாங்காத வேலை என்பதால் எல்லை எதுவும் பேசவில்லை, தேதியும் குறிக்கவில்லை. சம்பள வேலை நெருக்கியபோதெல்லாம் இதைத் தள்ளிப் போட்டேன். ஒரு மாதத்தில் முடிய வேண்டியது நாலு மாதம் இழுத்தது. அவர்களின் ஆண்டு விழா பழைய பக்கத்தோடே நடந்து முடிந்தது. யாரும் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் என்னை அங்கே சேர்த்துவிட்ட நண்பர் அதற்குப் பிறகு என்னை யாரிடமும் சிபாரிசு செய்யவில்லை. அவர் செய்தது நியாயம். இலவசமாகச் செய்த வேலையில் எப்படி நடந்துகொள்கிறேனோ, காசு வாங்கும் வேலையிலும் அப்படித்தான் நடந்துகொள்வேன் என்று நினைக்க அவருக்கு முழு உரிமை உண்டு.

அதனால் சின்னதாக ஒப்புக்கொள்ளுங்கள். ‘முழு இணையதளம்’ வேண்டாம், ‘பதிவுப் பக்கம் ஒன்று, இந்த மாதம் இருபதாம் தேதிக்குள்’ போதும். என்ன செய்வோம், எதுவரை செய்வோம், எப்போது முடிப்போம் என்பதை இரண்டு வரி செய்தியாகவாவது எழுதி அனுப்பிவிடுங்கள். முடியாது என்று தெரிந்தால் அன்றே சொல்லிவிடுங்கள். தன்னார்வலர்கள் காணாமல் போவது அமைப்பாளர்களுக்குப் பழகிப்போன வேதனை. முன்கூட்டியே சொல்கிறவரை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

தொழில் பேச்சை எப்போது எடுப்பது?

கேட்டால் பேசலாம். ‘நீங்க என்ன பண்றீங்க?’ என்று யாரும் கேட்காமல் இருக்கப்போவதில்லை. அப்போது ஒரு வாக்கியத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். ‘சின்ன நிறுவனங்களுக்குக் கணக்குப் பார்க்கிறேன்’ என்றால் போதும், கேட்டவருக்கு அது மனதில் நிற்கும். விசிட்டிங் கார்டை எல்லோருக்கும் நீட்டிக்கொண்டு போக வேண்டாம். கேட்டவருக்குக் கொடுங்கள்.

நிகழ்ச்சி முடிந்த இரண்டு மூன்று நாளில் ஒரு சின்னச் செய்தி அனுப்புவது நல்லது. அதில் விற்பனை வாடையே இருக்கக் கூடாது. அன்று எடுத்த படம், அவர் கேட்டிருந்த ஒரு விவரம், ‘அந்த மேசையைத் தனியாகத் தூக்க விட்டுவிட்டேன், முதுகு சரியாகிவிட்டதா?’ என்ற விசாரிப்பு, ஏதாவது ஒன்று. அதைவிட நல்லது, உங்களுக்குத் தெரிந்த இரண்டு பேரை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்திவிடுவது. அதில் உங்களுக்கு லாபம் ஒன்றும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும், அதனால்தான் அது நினைவில் நிற்கிறது.

சில விஷயங்களில் கறாராக இருக்க வேண்டும். நன்கொடையாளர்களின் பட்டியலோ தன்னார்வலர்களின் வாட்ஸ்அப் குழுவோ நம் விளம்பரத்துக்கான இடம் இல்லை. அந்த எண்களை அவர்கள் கொடுத்தது வேறு காரியத்துக்கு. ஒரே ஒரு தடவை அதில் தள்ளுபடி அறிவிப்பைப் போட்டாலும் ஒரு வருட உழைப்பு கரைந்துவிடும். அதேபோல், நீங்கள் நிர்வாகக் குழுவில் இருக்கும்போது அந்த அமைப்பு உங்களிடமே ஏதாவது வாங்க நினைத்தால், ‘இதில் எனக்குச் சொந்த ஆதாயம் இருக்கிறது’ என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். மற்றவர்களிடமும் விலை கேட்கச் சொல்லுங்கள். முடிவெடுக்கும் நேரத்தில் அறையைவிட்டு வெளியே போய்விடுங்கள். சொன்னது கூட்டக் குறிப்பிலும் ஏறட்டும். நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட ஒரு தாள் இருக்கும்.

எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கேட்பார்கள். மாதக் கணக்கு, சிலருக்கு வருடக் கணக்கு. இந்த மாதக் கடைசியில் வாடகை கட்ட ஆர்டர் வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு இது வழி இல்லை. அவர் நேராகப் போய் விற்பனை பேசுவதுதான் சரி. நேரத்தையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு மணி நேரம் என்று முடிவெடுத்தால் அந்த இரண்டு மணி நேரத்தைத் தவறாமல் கொடுங்கள். பத்து மணி நேரம் என்று ஆரம்பித்து மூன்றாவது வாரம் மறைந்துபோவதால் யாருக்கும் பயனில்லை.

விலக வேண்டிய நாளும் ஒருநாள் வரும். வேலை மாறும், வீட்டில் பொறுப்பு கூடும். அப்போது சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடாதீர்கள். ஒரு மாதம் முன்னதாகச் சொல்லுங்கள். உங்கள் இடத்துக்கு வருபவரோடு ஒரு நாள் உட்கார்ந்து, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, கடவுச்சொற்கள் என்ன, நாற்காலி வாடகைக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையெல்லாம் எழுதிக் கொடுங்கள். நான் முதலில் சொன்ன கணக்கர் போன வருடம் அந்த முகாம் பொறுப்பிலிருந்து விலகினார். அவர் ஒப்படைத்த பையில் அச்சடித்த பதிவுத் தாள்கள் இருநூறு, அவை தீர்ந்துபோனால் எழுதுவதற்கு ஏற்கனவே கோடு போட்டு வைத்த நோட்டு ஒன்று, ஒரு சிவப்புப் பேனா இருந்தன.